இரண்டு கம்பத் தேர்

உலக நாகரிகம் வளர்ந்தது நெருப்பாலும் இல்லை, சக்கரத்தாலும் இல்லை. சிறுபிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், "இப்படியா விளையாடுவது?" என்று இடையில் புகுந்தாரே, அந்த நாளில்தான் அது வளரத் தொடங்கியது. ஆதாரம் வேண்டும் என்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் இறங்கி எங்கள் பொன்மலர் நகருக்கு வரலாம். நுழைவு வளைவிலேயே குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் பாண்டிதுரையின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், செயலாளர் என்று என் பெயரும் இருக்கும்.

ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருப் பிள்ளைகள் கையோடு ஒரு தேர் கட்டிவிட்டார்கள். அதைத் தேர் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. வாஷிங் மெஷின் வந்து இறங்கிய அட்டைப்பெட்டி. அடியில், கேஸ் சிலிண்டரை வைத்து நகர்த்தும் சக்கரத் தட்டு. அது என் வீட்டு அடுப்படியிலிருந்து போனது என்பது பின்னால்தான் தெரிந்தது. உச்சியில் கம்பி போன குடை. வடத்துக்குத் துணி காயப்போடும் கயிறு. ஆல்வின் என்ற மூன்றாம் வகுப்புப் பையன் வாயாலேயே நாதஸ்வரம் வாசிப்பான். மாரிச்செல்வி சாப்பாட்டுத் தட்டில் கொட்டு அடிப்பாள். மற்றதுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இழுக்கும்.

உள்ளே சாமி யார் என்கிறீர்களா? அங்கேதான் பிள்ளைகளின் அறியாமை உச்சத்துக்குப் போனது. எல்லாரும்தான் சாமி. சா பூ த்ரீ போட்டு வரிசை பிடித்திருந்தார்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மின்கம்பம் வரைக்கும் அவர் சாமி. இரண்டாவது கம்பம் வந்ததும் தேர் நிற்கும். சாமி தானாக இறங்கி வந்து வடம் பிடிக்கும். அதுவரை வடம் பிடித்த அடுத்த ஆள் ஏறிச் சாமியாகும். "இறங்கு" என்று யாரும் சொல்லவில்லை; "மாட்டேன்" என்று யாரும் அழவில்லை. தீர்மானம் இல்லை, கூட்டக் கோரம் இல்லை, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் இல்லை. ஒரு நிர்வாகி என்ற முறையில் இதை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

என் மகள் விஜிக்கு ஐந்து வயது. சா பூ த்ரீயில் எல்லா ஆட்டத்திலும் தோற்று, வரிசையில் கடைசி ஆளாகிவிட்டாள். அவள் முறை வருவதற்குள் இருட்டிவிட்டது. "நாளைக்கு மொதல்ல விஜிதான்" என்று பிள்ளைகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவள் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு, வலது கையைத் தூக்கி அருள்பாலித்துப் பழகிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொசு உட்கார்ந்திருந்தது. அவள் அசையவில்லை.

"ஏட்டி, கொசு கடிக்கி. சொறிஞ்சுக்கோ" என்றாள் என் மனைவி கனகலட்சுமி.

"சாமி சொறியாதும்மா" என்றாள் விஜி, உதட்டை அசைக்காமல்.

மறுநாள் மாலை அவள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஒரு காலை வைத்த நேரம், தலைவர் பாண்டிதுரை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஓணான் ஓடினாலும் எந்த உத்தரவின்பேரில் ஓடுகிறது என்று விசாரிக்கக்கூடியவர்.

"ஏலே, நில்லுங்க! யாரக் கேட்டுத் தேரு ஓட்டுதீக?"

"யாரையும் கேக்கல தாத்தா" என்றான் ஆல்வின்.

"ஒங்கள்ல தலைவரு யாரு?"

"யாருமில்ல."

"பொறவு யாரு சொல்லி இழுக்கீக? யாரு சொல்லி நிறுத்துதீக?"

"கம்பம் வந்தா நிப்போம்."

"கம்பமாடா ஒங்களுக்கு உத்தரவு போடுது?"

ஆல்வின் கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "ஆமா தாத்தா."

தலைவருக்கு முகம் செத்துவிட்டது. எல்லையில் பனியில் நின்றபோதுகூட இப்படி ஒரு ஒழுங்கீனத்தைப் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். பாதுகாப்பு கருதித் தேர் அப்போதே சங்க அறைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. விஜி உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் தருவீகளா தாத்தா?"

"நாளைக்கென்னத்தா, இதவிடப் பெருசாவே தாரோம்!" என்றார் தலைவர். சொன்ன வாக்கைக் காப்பாற்றாமல் விடுகிற ஆள் அல்ல அவர். அதுதான் வினை.

அவசரக் கூட்டம் கூடியது. குழந்தைகளின் விளையாட்டை "விஞ்ஞான முறையில்" அணுக வேண்டும் என்பதால், ராஜபாளையத்திலிருந்து செலினா மேடத்தை வரவழைத்தோம். பெற்றோருக்கு விளையாட்டுப் பயிலரங்கம் நடத்துகிறவர். படம் போட்டுக் காட்டி, அருமையாகப் பேசினார்.

"பாவனை விளையாட்டுதாங்க பிள்ளைகளோட மூளைக்குச் சாப்பாடு. கடை வச்சு விளையாடட்டும், பஸ் ஓட்டட்டும், மண்ணுல புரளட்டும். அதுக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம். ஒரு பழைய பெட்டி, ஒரு கயிறு, கொஞ்சம் வெட்டவெளி. முக்கியமா, பெரியவங்க தலையிடவே கூடாது."

கைத்தட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் கருத்தை அப்படியே ஏற்று, பெரியவர்கள் யாரும் தலையிடாமல் பார்த்துக்கொள்வதற்காக, பெரியவர்கள் மட்டுமே கொண்ட "தலையிடாமைக் கண்காணிப்புக் குழு" ஒன்றை அந்த இடத்திலேயே அமைத்தோம். தலைவர், பாண்டிதுரை. செயலாளர், அடியேன். மேடம் ஏதோ சொல்ல எழுந்தார். நேரமாகிவிட்டதால் தேசிய கீதம் போட்டுவிட்டோம்.

குழு தலையிடாமல் செய்த வேலைகளைச் சொல்லி முடியாது. அட்டைப்பெட்டி தீப்பிடிக்கும் என்பதால் இரும்புச் சட்டம் அடிக்கப்பட்டது. இரும்பு கனக்கும் என்பதால் ஆட்டோ சக்கரம் பூட்டப்பட்டது. சக்கரம் பெரிதாகிவிட்டதால் மேலே மூன்று நிலை ஏற்றப்பட்டது. சுற்றிலும் சீரியல் பல்பு. பின்னால் ஜெனரேட்டர். நான்கு பக்கமும் ஃபிளெக்ஸ், அதில் நிர்வாகிகள் கைகூப்பிய கோலத்தில். "குழந்தைகள் படம் ஒண்ணு வேண்டாமா?" என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் கேட்டிருக்கிறார். வைத்தோம். கூகுளில் எடுத்த வெள்ளைக்காரக் குழந்தை. பார்க்க நல்ல களையாக இருந்தது.

பிறகு வந்தது மரியாதைப் பிரச்சினை. நம் ஊர்ப்பக்கம் எட்டுப் பேர் சேர்ந்து காற்றாடி விட்டாலும் முதல் மரியாதை யாருக்கு என்று தெரியாமல் நூலைத் தொடமாட்டார்கள். தேர் என்றால் கேட்க வேண்டுமா? கம்பத்துக்கு ஒரு மண்டகப்படி என்று முடிவாயிற்று. எந்தக் கம்பம் யாருக்கு என்பதில் கூட்டம் மூன்று முறை உடைந்தது.

"எங்க வாசல்ல நிக்கிற கம்பம் எனக்குத்தான்" என்றார் கருத்தையா. நூற்பாலையில் சூப்பர்வைசராக இருப்பவர்.

"அது மின்வாரியத்துக் கம்பம்வே" என்றார் தலைவர்.

"அதுல கட்டியிருக்கிற ஆடு என்னோடதுல்லா? எனக்குப் பரிவட்டம் கட்டலைன்னா எம் புள்ள வடத்தத் தொடாது!"

"ஒம்ம புள்ளைக்குக் காலேஜ் முடிஞ்சிருச்சேய்யா!"

"அதுக்காக? மரியாத மரியாததான்."

ஆட்டுக்கும் மாலை போடுவது என்ற நிபந்தனையின்பேரில் சமாதானம் ஏற்பட்டது.

இதற்கிடையில் பிள்ளைகளை நாங்கள் மறந்துவிடவில்லை. சனிக்கிழமைதோறும் "இயல்பாக விளையாடுவது எப்படி?" என்று பயிற்சி கொடுத்தோம். விழாவைப் படம் பிடிக்கிற ட்ரோன் தலைக்குமேல் வரும்போது அண்ணாந்து பார்க்காமல், தற்செயலாகச் சந்தோஷப்பட வேண்டும். மாரிச்செல்வி தற்செயலாகச் சந்தோஷப்படுவதற்கு மிகவும் சிரமப்பட்டாள். அவள் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு செண்டைமேளத்துக்குச் சொல்லிவிட்டோம். ஆல்வினின் வாய் நாதஸ்வரம் ஸ்பீக்கரோடு ஒத்துவரவில்லை. வாயை மூடிக்கொண்டு வரும்படி அன்பாகச் சொன்னோம்.

விஜி மட்டும் தினமும் சாயங்காலம் என்னிடம் வருவாள்.

"யப்பா, நாளைக்கா என் டர்னு?"

"குழுவின் பரிசீலனையில் இருக்கிறது" என்பேன்.

"அப்படின்னா?"

"ஆவன செய்யப்படும்."

அடுப்படியிலிருந்து கனகலட்சுமி கரண்டியோடு வந்தாள். "ஏங்க, பெத்த பிள்ளைட்ட பேசுற பேச்சா இது? அது எம்புட்டு நாளா அந்த வாளில உக்காந்து உக்காந்து எந்திரிக்கி! ரெண்டு கம்பம் தூரம் இழுத்துவிட ஒரு அட்டப்பெட்டி போதாது? நான் இழுக்கேன், குடுங்க!"

"சங்கச் சொத்தைத் தனிநபர் பயன்படுத்த விதியில் இடமில்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் தாங்கித்தான் ஆக வேண்டும். அன்று இரவு வாளியைக் கழுவி வைக்கப் போனபோது, அதன் அடிப்பாகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அதைக் கழுவ மனம் வராமல் வாளியை அப்படியே வைத்தேன். ஆனால் மறுநாள் ஜெனரேட்டர்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் அதை மறந்துவிட்டேன்.

விழா நாளும் வந்தது. தெரு முழுக்க வாழைமரம். பிள்ளைகளுக்கு ஹெல்மெட், முழங்கால் உறை, ஒரே நிற டீ சர்ட், முதுகில் நன்கொடையாளர் பெயர். விஜி மட்டும் டீ சர்ட்டுக்கு மேலே பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செலினா மேடம் சிறப்பு விருந்தினர். தேரைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை. அவ்வளவு பிரமிப்பு.

"மொதல்ல நாந்தானே?" என்றாள் விஜி.

"நீதாம்மா" என்று தலைவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு அவரே ஏணியில் ஏறினார். எல்லாரும் திகைத்தோம். மைக்கை வாங்கி விளக்கம் சொன்னார்.

"புள்ளைகள ஏத்துறதுக்கு முன்னால வெயிட்டு தாங்குதான்னு பாக்கணும்லா? ரெண்டே கம்பம் போய்ப் பாத்துருதேன். எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல!"

தியாகம் என்றால் இதுவல்லவா! தொண்ணூறு கிலோ எடையுள்ள தியாகம். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பரிவட்டம் கட்டி, ஆளுயர மாலை போட்டோம். செண்டை முழங்கியது. பிள்ளைகள் வடம் பிடித்தார்கள். அந்தச் சின்னக் கைகள் இழுக்கிற இழுப்பில் தேர் அசைந்தது பாருங்கள், எனக்கே மெய்சிலிர்த்தது. பின்னால் கருத்தையாவின் மகன் நெம்புகோல் போட்டுத் தள்ளியது ட்ரோனில் தெரியாது.

முதல் கம்பத்தில் தேங்காய் உடைத்தோம். ஆட்டுக்கு மாலை போட்டோம். அது உடனே சாப்பிட்டுவிட்டது. தேர் மறுபடி நகர்ந்து இரண்டாவது கம்பத்துக்கு வந்தது.

நின்றது.

விசில் கொடுத்து யாரும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்று, வடத்தைத் தரையில் வைத்தார்கள். விஜி ஓடிவந்து ஏணிக்குக் கீழே நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஏன் நின்னுட்டீக? இழுங்க!" என்று மேலேயிருந்து தலைவர் கத்தினார்.

"ரெண்டு கம்பம் ஆயிருச்சு தாத்தா" என்றான் ஆல்வின்.

"ஆனா என்ன?"

"எறங்கணும்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் இதுவரை விளையாட்டில் சந்தித்ததே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாரிச்செல்விதான் சொன்னாள். "அடுத்து விஜி ஏறணும். நீங்க வந்து வடம் பிடிக்கணும்."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாலை குலுங்கியது. "நான் வடம் பிடிக்கணுமா? ஏ பிள்ள, நான் தலைவருல்லா! இங்கன இருந்து பாக்கத் தெரு எம்புட்டு அழகா இருக்கு தெரியுமா? கடைசி மண்டகப்படி வரைக்கும் போயிட்டு வாரேன். பாப்பாவுக்கென்ன, சின்ன வயசு, அடுத்த வருசம் ஏறிக்கிடலாம்."

விஜி அழவில்லை. அழுதிருந்தால் மிட்டாய் கொடுத்துச் சமாளித்திருப்போம். அவள் தேரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்.

"யப்பா, தலைவருன்னா எறங்க மாட்டாகளா?"

செலினா மேடம் என்னைப் பார்த்தார். கனகலட்சுமி என்னைப் பார்த்தாள். செண்டைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். செயலாளராக இத்தனை வருடத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். இதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன்.

பிள்ளைகள் ஒருவர்கூட வடத்தைத் தொடவில்லை. தேர் அங்கேயே நின்றுவிடுமோ என்று ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. வீண் பயம். பெரியவர்கள் நாங்கள் அத்தனை பேர் சும்மாவா இருந்தோம்? ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தோம். பிள்ளைகள் கீழே போட்ட வடத்தை முதல் ஆளாக நான்தான் எடுத்தேன். பின்னால் கருத்தையா, அவருக்குப் பின்னால் தெருவே. விஜியைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டு இழுத்தோம். தேர் என்ன அழகாக நகர்ந்தது என்கிறீர்கள்! காலங்காலமாக இழுத்துப் பழகிய கைகள் அல்லவா?