கேள்வி வந்தால் வண்டி நிற்கும்

தென்னரசு பிரேக்கை அழுத்திய வேகத்தில், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கலைப்பிரியாவின் மடியிலிருந்து புளிசாத டப்பா நழுவிக் கீழே விழுந்தது.

"யார்மேலயாவது ஏத்திட்டீங்களா?"

"இல்ல. பாப்பா ஒரு கேள்வி கேட்டுச்சு."

"அதுக்கு யார்மேலயாவது ஏத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு கலைப்பிரியா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழுப்புரத்திலிருந்து ஜவ்வாது மலைக்குக் கிளம்பிய கார், கெடாரிலேயே நின்றுவிட்டது. மலை எங்கோ திருவண்ணாமலைக்கும் அப்பால் அதுபாட்டுக்கு இருந்தது. சாலையோரம் ஒரு லாரி நின்றது. அதில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வெண்ணிலா கேட்டது இதுதான்: "அப்பா, இந்த மல்லாட்டையெல்லாம் எங்க போவுது?"

பத்து வயதாகியும் வெண்ணிலா பள்ளிக்கூடம் போவதில்லை. தென்னரசுதான் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறான். அதற்கு முன் அவன் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். சேர வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்து, கடைசி வருஷம் அவன் வகுப்பில் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. இப்போது ஒரே மாணவிதான் என்றாலும் வருகைப்பதிவு நூறு சதவீதம். அதில் அவனுக்கு ஒரு திருப்தி உண்டு.

கேள்வி வந்தால் வண்டி நிற்கும், பதில் கிடைக்காமல் கிளம்பாது. இது அவன் வகுத்த விதி. வீட்டுக்கல்விப் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் இதைப் பெருமையாகப் போட்டிருந்தான். அதற்கு ஒரே ஒரு இதயம் விழுந்தது. அதுவும் கலைப்பிரியா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து அவனே போட்டது.

"சரி, நீயே போய் லாரி மாமாவக் கேளு" என்று வெண்ணிலாவை இறக்கிவிட்டுத் தென்னரசு போனை எடுத்தான். அவன் கவலை மல்லாட்டையைப் பற்றியது அல்ல.

போன வாரம் வெண்ணிலாவுக்குப் பிறந்தநாள். வந்த ஒரே விருந்தாளி தண்ணி கேன் போட வந்தவர். அவரும் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருக்குங்க பொறந்தநாளு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கலைப்பிரியா சொன்னாள்:

"இதோ பாருங்க. மலைக்குப் போறோம்ல, திரும்பி வர்றதுக்குள்ள இவளுக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டாவது கெடைக்கணும். கெடச்சா உங்க இஷ்டம். இல்லன்னா ஜூன்ல ஸ்கூலு. அவ்ளோதான்."

கலைப்பிரியா வங்கிக்குப் போகிறவள். ஜூனில் வெண்ணிலாவும் போய்விட்டால், பகலெல்லாம் அந்த வீட்டில் சத்தம் போடக்கூடியது மிக்ஸி ஒன்றுதான். அதையும் கலைப்பிரியா காலையிலேயே அவனைப் போடவைத்து முடித்துவிடுவாள். அந்த அமைதியை நினைக்கவே தென்னரசுக்குப் பயமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால், சொல்வதற்கு ஆளில்லை.

ஆனால் நம்பிக்கை இருந்தது. மலையில் வீட்டுக்கல்விக் குடும்பங்களின் முகாம். பிள்ளைகள் நிறைய வருவார்கள். அதில் ஒன்றாவது மாட்டாமலா போய்விடும்?

குழுவைத் திறந்தான்.

'இன்று காலை எழுந்ததும் மகிழன் தனக்கு மலையில் ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டான். கரப்பான்பூச்சி ஆராய்ச்சியில் இருக்கிறான். அவன் விருப்பத்தை மதித்து நாங்கள் வரவில்லை.'

அடுத்தது: 'எங்கள் மகளுக்கும் ஆர்வம் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம். வந்தால் வருகிறோம்.'

அதற்கடுத்தது ஒரு கும்பிடு பொம்மை மட்டும்.

படிக்கப் படிக்க மலை காலியானது. கடைசியில் முகாமை ஏற்பாடு செய்தவரே, குழந்தைகளின் சுதந்திரத்தை வாழ்த்திவிட்டு விலகிக்கொண்டார்.

தென்னரசு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். கலைப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள்; விழித்திருந்தாலும் அந்தக் குழுவை அவள் திறந்து பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் வண்டி நேராகப் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கும். மலையில் ஃப்ரெண்டு இல்லை; ஆகவே வழியில் பிடிக்க வேண்டும்.

லாரியருகே வெண்ணிலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். பிறகு காரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு, பதில் கெடச்சுதா?"

"திண்டிவனம் போவுதாம்ப்பா. ஆயில் மில்லுக்கு. அங்க போய் என்னா ஆவும்னு கேட்டேன். வந்து பாத்தாதான் தெரியும்னுட்டாரு லாரி மாமா."

விதி விதிதான். தவிர, மில் என்றால் வேலையாட்கள் இருப்பார்கள். வேலையாட்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். தென்னரசு காரைத் திருப்பினான்.

விழுப்புரத்துக்குள் நுழைந்து, காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பிய தங்கள் தெருமுனையைத் தாண்டும்போது கலைப்பிரியா கண் விழித்தாள்.

"ஏங்க, மலை அதுக்குள்ள வந்துருச்சா? நம்ம ஊரு மாதிரியே இருக்குது."

"ஒரு சின்னக் கேள்வி. திண்டிவனம்வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"மலை அந்தப் பக்கம்."

"கல்வி இந்தப் பக்கம்."

கலைப்பிரியா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கணவன்மேல் ஏறுகிற கோபத்தை அவள் எப்போதும் வாகனத்தின்மேல் காட்டுவாள்.

விக்கிரவாண்டியில் லாரி டீக்கு நின்றது. பின்னாலேயே காரும் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "என் பேரு பெரியதம்பி சார். வாங்க, ஒரு டீ அடிக்கலாம்" என்றார்.

"இல்லீங்க, பரவால்ல" என்று தென்னரசு அவசரமாக நழுவினான். டூரிஸ்ட் வேனிலிருந்து ஒரு சிறுமி இறங்கி, பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

"வெண்ணிலா, அதோ பாரு. போய்ப் பேரு கேளு."

"எதுக்குப்பா?"

"சும்மா. பேரு தெரிஞ்சிக்கறது நல்லது."

"அப்பா, லாரிக்கு எத்தினி கியரு?"

"அதை நீயே மாமாகிட்ட கேளு."

"எனக்குக் கூச்சமா இருக்குது. நீ கேளு."

கெடாரில் முன்பின் தெரியாத மனிதரைத் தலை சொறிய வைத்தவளுக்கு இங்கே கூச்சம் வந்துவிட்டது. கலைப்பிரியா காருக்குள்ளிருந்தே, "பாத்தீங்களா? ஸ்கூலுக்கு அனுப்பாததால வந்த கூச்சம்" என்றாள். தென்னரசுக்குச் சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் போய்க் கேட்டான். பெரியதம்பி கியரைச் சொன்னார், மைலேஜைச் சொன்னார், தன் மைத்துனன் கல்யாணத்தில் நடந்த அடிதடியையும் சொல்ல ஆரம்பித்தார். தென்னரசு திரும்பிப் பார்ப்பதற்குள் வேனும் சிறுமியும் பஞ்சுமிட்டாயும் போய்விட்டிருந்தன.

திண்டிவனம் ஆயில் மில்லில் ஒரு பிள்ளைகூட இல்லை. கோடை விடுமுறை, எல்லாம் மாமா வீடு, சித்தி வீடு என்று போய்விட்டன. கலைப்பிரியா முகம் கழுவ எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போனாள். வெண்ணிலா மூட்டை இறக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னரசு மில்லைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்பக்கச் சந்தில், சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள்.

அவன் சட்டைப்பையில் இருந்த சாக்லேட்டை எடுத்து நீட்டினான். ஆர்வத்தில் அவன் செய்த முதல் தவறு அது. இரண்டாவது, அவன் சொன்ன வாக்கியம்:

"பாப்பா, மாமாகூட வர்றியா? அங்க கார்கிட்ட ஒரு அக்கா இருக்குது."

சிறுமி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். கண் மூடித் திறப்பதற்குள் தென்னரசைச் சுற்றி மில்லே நின்றது. வாட்ச்மேன் பாண்டுரங்கன் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"யார்யா நீ? கொயந்தையை இன்னாத்துக்குக் கூப்ட்ட?"

"ஃப்ரெண்டு தேடுறேங்க."

"இந்த வயசுலயா?"

"எனக்கில்லீங்க. என் பொண்ணுக்கு. அதோ நிக்குதே, வெண்ணிலா."

கூட்டம் வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாண்டுரங்கன் குனிந்து, குரலை இனிமையாக்கிக்கொண்டு கேட்டார்.

"பயப்படாத கண்ணு. நீ எந்த ஸ்கூலு?"

"ஸ்கூலுக்குப் போறதில்ல."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தினியாவது படிக்கிற?"

"எத்தினியாவதும் இல்ல. வீட்லயேதான் இருப்பேன்."

"வெளிய உடமாட்டாரா?"

"அவரு கூடத்தான் வருவேன்."

"ஐயோ பாவம். இங்க எதுக்கும்மா இட்டாந்தாரு?"

"மலை பாக்க."

"திண்டிவனத்துல மலை காட்றேன்னு இட்டாந்துருக்கான்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "மொதல்ல போலீசுக்கு போனைப் போடு!"

தென்னரசு கையெடுத்துக் கும்பிட்டான். "வெண்ணிலா, நான் உன் அப்பான்னு இவங்ககிட்ட சொல்லும்மா."

வெண்ணிலா யோசித்தாள். ஆதாரம் இல்லாமல் எதையும் அடித்துச் சொல்லக்கூடாது என்பது போன மாதப் பாடம். நடத்தியவன் தென்னரசு. இரண்டு நாள் நடத்தினான்.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அப்பாதான்" என்றாள் கடைசியில். "ஆனா நான் பொறந்தப்போ நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. அம்மாகிட்ட கேட்டாதான் உறுதியாத் தெரியும்."

காலரில் பிடி இறுகியது.

நல்லவேளையாகக் கலைப்பிரியா ஹோட்டலிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பாண்டுரங்கன் மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, இந்த ஆளு உங்களுக்கு யாருங்க?"

கலைப்பிரியா கணவனைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள். மலை இருந்திருக்க வேண்டிய திசையையும் ஒருமுறை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அவள் அவசரப்படவில்லை.

"என் பொண்ணுக்கு வாத்தியாரு" என்றாள்.

"வாத்தியாரா! அப்பான்னானே!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "ஐயையோ, அப்பாவும் அவருதாங்க" என்று சேர்த்தது யார் காதிலும் விழவில்லை. ஓர் அறை விழப்போகிற நேரத்தில் லாரிமேலிருந்து பெரியதம்பி குதித்தார்.

"யோவ், கைய எட்றா! அவரு எனக்கு வேண்டப்பட்டவருய்யா!"

பாண்டுரங்கன் காலரை விட்டு, கசங்கலையும் நீவிவிட்டார். "வேண்டப்பட்டவருன்னா மொதல்லயே சொல்றதில்லையா சார்? பேஜாராப் பூட்ச்சு பாருங்க."

கூட்டம் கலைந்தது. தென்னரசு அங்கேயே நின்றான். வேண்டப்பட்டவர். அந்தச் சொல்லை அவனைப் பற்றி யாராவது சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தான். கல்லூரியில் கூடப் பணிசெய்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள் அதையே எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். கடைசியாக யாரோடு உட்கார்ந்து காரணமில்லாமல் பேசினான் என்று நினைத்துப் பார்த்தான். வெண்ணிலாதான் நினைவுக்கு வந்தாள்.

வெயில் இறங்கிவிட்டது. இனி மலைக்குப் போய்ச் சேர முடியாது. சேர்ந்தாலும் அங்கே ஆளில்லை. அதையும் கலைப்பிரியாவிடம் சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. "சரி விடுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது.

"ஜூன்ல ஸ்கூலுக்கே அனுப்பிடலாம்" என்றான்.

"நெசமாவா சொல்றீங்க?"

"சொன்ன பேச்சு பேச்சுதானே. ஃப்ரெண்டு கெடைக்கல."

அம்மாவும் பெண்ணும் செக்கிலிருந்து எண்ணெய் இறங்குவதைப் பார்க்க உள்ளே போனார்கள். தென்னரசு வாசலில் இருந்த காலிச் சாக்குமேல் உட்கார்ந்தான். உள்ளே வெண்ணிலா ஏதோ கேட்டாள். யாரோ பதில் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இனி அவளுடைய கேள்விகளுக்கு இப்படித்தான், அவன் இல்லாத இடத்தில் பதில் கிடைக்கும்.

பெரியதம்பி இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையோ ஒப்பிக்க வந்தவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"சார், உங்களுக்கு இன்னா கலரு புடிக்கும்?"

"எது?"

"கலரு. எனக்கு பச்சை." கொஞ்சம் யோசித்தார். "கேரம் போர்டு ஆடுவீங்களா?"

"பெரியதம்பி, நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் சார். உங்க போன் நம்பரு குடுங்க. ஞாயித்துக்கெழமைல நான் விழுப்புரத்துலதான் இருப்பேன், வூட்டாண்ட வர்றேன்."

தென்னரசு டம்ளரைக் கீழே வைத்தான். "இருங்க. மதியம் எனக்காகச் சண்டைக்கு வந்தீங்க. இப்போ டீ வாங்கிக் குடுக்கிறீங்க. நமக்குள்ள பழக்கமே கெடையாது. எதுக்குங்க இதெல்லாம்?"

பெரியதம்பி கூச்சத்தோடு மில்லுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பாதான் சார் கெடார்ல கேட்டுச்சு, 'எனக்கு ஸ்கூலுக்குப் போவ ஆசையா இருக்குது மாமா, ஆனா அப்பாவுக்கு ஒரு ஃப்ரெண்டு கெடச்சாதான் உட்டுட்டுப் போவ முடியும், நீங்க இருக்கிறீங்களா'ன்னு, லோடு எறக்கணும் கண்ணு, திண்டிவனம் வந்தா பாக்கலாம்னேன், உங்கள இட்டுக்கினே வந்துடுச்சு."