நல்லம்மாளின் கரிசலாங்கண்ணி எண்ணெய்

சீப்போடு வந்த முடியைப் பார்த்துப் பக்கிரிசாமி பதறிப்போனார். ஜப்பான்காரன் பிரிக்பீல்ட்ஸ் பேட்டைக்குள் நுழைந்தபோதுகூட இப்படிப் பதறவில்லை.

"நல்லம்மா, எண்ணெய் வேலை செய்யுதா, வேலையைக் காட்டுதா?"

"பழைய முடி போனாத்தானே புதுசு வரும்," என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

துணிக்கடைச் சிப்பந்தி பக்கிரிசாமிக்கு முப்பத்துநாலு வயது. சொத்தென்று சொல்ல அந்தச் சுருட்டைக் கிராப்புதான். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லோரி தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கொஞ்ச நாளைக்கு வெளியே போகாதீர்கள் என்று நல்லம்மாள் அழுது பார்த்தாள். கிராப்பு வைத்தவனைக் கூலி வேலைக்கு எவன் கூப்பிடுவான் என்று கேட்டுவிட்டு, அவர் சீவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

லோரி வரத் தொடங்கிய வாரந்தான் அவர் காதோரம் நரை ஓடுவதாக நல்லம்மாள் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான், மனிதர் ஆடிப்போய்விட்டார். கொல்லையில் மரவள்ளிக்கு நடுவே கரிசலாங்கண்ணி தானாக முளைத்துக் கிடந்தது. அதையும் வேலியோரச் செம்பருத்தியையும் அரைத்துப் பிழிந்தாள். தேங்காயெண்ணெய் கண்ணில் படாத காலம், அதனால் செம்பனை எண்ணெயிலேயே காய்ச்சினாள்.

முதல் போத்தலில் தலையணை மஞ்சளாயிற்று, தலை செம்பட்டையாயிற்று. மூலிகை போதவில்லை என்று பக்கிரிசாமியே கொல்லையை மொட்டையடித்துக் கொடுத்தார். இரண்டாம் போத்தலில் அவர் தலை மொட்டையாகத் தொடங்கியது. இதற்கிடையே, வெற்றிலையே போடாத நல்லம்மாள் பக்கத்து வீட்டு ஹபீபாவிடம் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். எதற்கு என்றார். எறும்புக்கு என்றாள். மூன்றாம் போத்தல் முடிந்தபோது உச்சியில் பளபளப்பு. ஓரத்தில் மிஞ்சியது வெளுத்துப்போன தேங்காய் நார்.

அந்தக் கோலத்தில் நல்லம்மாளோடு கருவாடு வாங்கப் பாசாருக்குப் போன அன்று, லோரி வந்து நின்றது. சிப்பாய்கள் வழியை அடைத்தார்கள். கூட வந்த கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கினான். பக்கிரிசாமியிடம் வந்ததும் கையை ஆட்டினான்.

"தாத்தா, நீங்க ஓரமா போங்க லா."

பக்கிரிசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருய்யா தாத்தா? எனக்கு இன்னும் முப்பத்து..."

கூடையோடு பின்னால் நின்ற நல்லம்மாள் பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கப்பாதாங்க. வயசானதுல புத்தி கொஞ்சம் பிசகிருச்சு. வாங்கப்பா, கஞ்சி ஆறுது."

கங்காணி சிரித்தான். பக்கிரிசாமி வாயைத் திறந்தார். லோரியில் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அதில் இரண்டு பேருக்கு நல்ல கிராப்பு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டபோது, பெருந்தன்மை பொங்கியது.

"போகட்டும் விடு. கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துடுமா? உன் எண்ணெய் கெட்டதும் ஒரு நல்லதுக்குத்தான்."

நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியைக் கிளறினாள். புகை என்று நினைத்தார்.

அப்போது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹபீபா வந்தாள். கையில் காலிப் போத்தல்.

"அக்கா, எங்க வீட்டுக்காரவுக தலையும் கறுகறுன்னு கெடக்கு, பயமா இருக்கு. அதே எண்ணெய் ஒரு போத்தல் காய்ச்சிக் குடுங்க. சுண்ணாம்பு நானே கொண்டாந்துட்டேன்."