காலி இருக்கைக்கு வளைகாப்பு

"இங்கே ஆள் வர்றாங்களா?"

ஒரு கையில் பீர், ஒரு கையில் நாச்சோஸ் தட்டு. வெள்ளைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே பக்கத்து இருக்கையை முழங்காலால் கீழே தள்ளினார்.

"வர்றாங்க. என் ஒய்ஃப்," என்றான் இளமாறன். "ரெஸ்ட்ரூம் போயிருக்கா."

அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேல் வரிசைக்குப் போனார். இருக்கை தானாக மடிந்துகொண்டது.

தென்றல் ரெஸ்ட்ரூமுக்குப் போகவில்லை. ஜூன் மாதம் இறந்துபோயிருந்தாள்.

டிக்கெட் அவள் வாங்கியதுதான். சீசன் முழுவதற்கும் இரண்டு இருக்கைகள், கூரையைத் தொட்டுவிடும் உயரத்தில். "அக்டோபர்ல நானே படியேறி வருவேன் பாரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போன் செய்து புதுப்பித்தாள். தொண்ணூற்றெட்டு அக்டோபர் வந்தது. இருக்கைகள் இரண்டும் இருந்தன.

இளமாறனுக்கு ஐஸ் ஹாக்கியில் ஒன்றும் தெரியாது. பனித்தரையில் வட்டு எங்கே ஓடுகிறது என்பதே பாதி நேரம் கண்ணுக்குப் பிடிபடாது. தென்றல் எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் உட்காருவான். இப்போது எப்போது எழுவதென்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தான்.

"ஏன் தம்பி, தென்றல் எங்கே?"

பின் வரிசையிலிருந்து பர்வதம் ஆன்ட்டி. அவரும் கணவர் கோபாலசாமி அங்கிளும் வேக்கோவிலிருந்து காரோட்டி வருகிறவர்கள். அங்கிள் பல் டாக்டர். ஆட்டக்காரர்களின் வாயைப் பைனாகுலரில் பார்க்கத்தான் வருகிறார் என்று தென்றல் கேலி செய்வாள். இருவருக்கும் தென்றலின் ஊர்தான், கோவில்பட்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி மட்டையைக் கண்டால் போதும், கீழே புழுதியா பனிக்கட்டியா என்று பார்க்கமாட்டார்கள். அவர்களை இந்த அரங்கத்தில் மட்டும்தான் பழக்கம். இளமாறன் வீடு இருக்கும் பிளானோவில் வேறு யாரையும் அவர்களுக்குத் தெரியாது. செய்தி போயிருக்கவில்லை.

"ரெஸ்ட்ரூம் போயிருக்கா ஆன்ட்டி."

"ஆட்டம் ஆரம்பிச்சதுலருந்து ஆளைக் காணோமே! வயித்துக்கு எதுவும் சேரலியா? இரு, நான் போய்ப் பாத்துட்டு வரேன்." ஆன்ட்டி எழுந்துவிட்டார்.

"வேண்டாம் ஆன்ட்டி! அவ வரல. வீட்டுல இருக்கா. காய்ச்சல்."

"இப்பத்தானே ரெஸ்ட்ரூம்னே?"

"அது அந்த ஆளுக்காகச் சொன்னது. சீட்டைப் பிடிச்சுக்குவாருன்னு."

ஆன்ட்டிக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்துப்போயிற்று. ரயில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர். "அதுவும் சரிதான். காலியா விட்டா எவனாவது உக்காந்துருவான்" என்று தன் சால்வையை எடுத்து அந்த இருக்கையின் மேல் போட்டார்.

முன் வரிசையிலிருந்து எர்ல் திரும்பினார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தென்றலை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கோச் என்பார். அவருக்கும் ஆன்ட்டியே ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"கோச்சுக்குக் காய்ச்சலா? அது இருக்கட்டும், பையனைப் பத்தி என்ன சொல்றா?"

பையன் என்றால் டைலர். ஒவ்வொரு கோடையிலும் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொள்ளும். அப்படி எல்லாருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவன். கனடாவில் ஏதோ சின்ன ஊர். மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. இவன் வந்தால் கோப்பையும் கூடவே வரும் என்றார்கள். போன சீசனில் மொத்தமே நான்கு கோல். இந்த சீசனில் இன்னும் ஒன்றுமில்லை. வட்டு அவனிடம் வந்ததும் அரங்கமே பெருமூச்சு விடும்.

அவனை என்ன செய்வது என்பதில் இந்த மூன்று வரிசைக்குள் மூன்று கட்சி. ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்பு என்பது எர்ல் கட்சி. நல்ல பல்லோடு இருக்கும்போதே வேறு அணிக்குத் தள்ளிவிடு என்பது அங்கிள் கட்சி. தென்றல் தனிக் கட்சி. கல்லூரி ஹாக்கி அணியில் இடதுபக்கம் ஆடியவள். "விடுங்க அவனை. தப்புப் பண்ணப் பண்ண ஆட விடுங்க. வெளியே உக்கார வச்சா எப்படி வருவான்?" என்று பாப்கார்ன் தெறிக்கக் கத்துவாள்.

"விடுங்க அவனைன்னுதான் சொல்றா," என்றான் இளமாறன்.

சொல்றா. வாயைவிட்டுப் போன அந்தச் சொல்லை அவன் திரும்ப ஒருமுறை முணுமுணுத்தான். ஆபீஸிலும் கோயிலிலும் மளிகைக் கடையிலும் அவளைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். நல்ல பெண்ணாக இருந்தாள் என்றார்கள். டெக்ஸாஸ் முழுவதிலும் அவள் இன்னும் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கக்கூடிய இடம் இந்த மூன்று வரிசைதான். அதை விட அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஆன்ட்டி கோட்டுக்குள் ஒரு பிளாஸ்க்கை மறைத்துக் கொண்டுவந்தார்.

"மிளகு ரசம். வாசல்ல செக் பண்றவன் என்னன்னு கேட்டான். மெடிசின்னேன். இன்னிக்காவது வந்தாளா?"

"இல்ல ஆன்ட்டி."

"இன்னுமா விடல? என்னங்க, ஆட்டம் முடிஞ்சதும் பிளானோ போய் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்."

"அதுக்கென்ன, போற வழிதானே," என்றார் அங்கிள் பைனாகுலரை எடுக்காமலே. வேக்கோ தெற்கே இருக்கிறது. பிளானோ வடக்கே.

"ஊருக்குப் போயிருக்கா!" என்றான் இளமாறன்.

"காய்ச்சலோடயா?"

"காய்ச்சல் விட்டதும் போனா. அம்மா வீட்டுக்கு."

பிளாஸ்க் மூடி பாதித் திருகலில் நின்றது. ஆன்ட்டியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"காய்ச்சல், மயக்கம், இப்ப அம்மா வீடு." மயக்கம் என்று அவன் சொல்லவே இல்லை. "அடப்பாவி, இதைச் சொல்றதுக்கு என்ன? எத்தனை மாசம்?"

அவன் வாயைத் திறந்தான். அதெல்லாம் இல்லை என்றால், பின்னே எதற்குப் போனாள் என்பார். அதற்கு ஏதாவது சொன்னால், எப்போது வருவாள் என்பார். வாயை மூடிக்கொண்டான்.

"வெக்கத்தைப் பாருங்க!" என்று ஆன்ட்டி அவன் முதுகில் ஒன்று வைத்தார். "சரி, நாலுன்னு வச்சுக்குவோம்."

ரசத்தை அவன்தான் குடிக்க வேண்டியிருந்தது. நன்றாகவே இருந்தது.

இடைவேளைக்குள் எர்லுக்குத் தெரிந்தது. எர்லுக்குத் தெரிந்தால் அந்தப் பகுதிக்கே தெரியும். நாச்சோஸ்காரர் மேலிருந்து இறங்கிவந்து கைகுலுக்கினார். அடுத்த ஆட்டத்தில் யாரோ விரல் நீளக் காலுறை ஒன்று தந்தார்கள், அணியின் பச்சை நிறத்தில்.

கோச் ஊரிலிருந்து போனில் என்ன சொல்கிறாள் என்பதுதான் பெரிய தொல்லையாயிற்று. ஆட்டத்துக்கு ஆட்டம் எர்ல் கேட்பார். அவன் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை அலுவலகத்தில் ஒளித்துவைத்துப் படித்து, அவள் பேசுவதுபோல் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வருவான். சில நாள் அவள் குரலே கேட்டுவிடும். அந்த நாட்களில் சரியாகச் சொன்னான். கேட்காத ஒரு நாளில் அவசரப்பட்டு, "பையனைக் கோல்கீப்பரா நிக்க வைக்கலாம்னு சொன்னா" என்றுவிட்டான்.

எர்ல் தொப்பியைக் கழற்றினார். அங்கிள் பைனாகுலரை இறக்கினார்.

"கோல்கீப்பரா? நம்ம தென்றலா சொன்னா?"

"மசக்கையில அப்படித்தான் ஏதாவது தோணும்," என்றார் ஆன்ட்டி. "எனக்கு விபூதி தின்னணும்போல இருந்துச்சு."

உண்மையில் அவன் கோவில்பட்டிக்குப் போன் செய்வதை விட்டு வெகுநாளாயிற்று. தென்றல் ஞாயிறு தவறாமல் போன் கார்டைச் சுரண்டி அம்மாவிடம் பேசுவாள். பாதிப் பேச்சு டைலர்தான். பனியையே பார்த்திராத அத்தை, "அந்தப் பிள்ளைக்குக் குளிராதாடி? இந்த வாரமாவது கோல் போட்டுதா?" என்பார். தென்றல் போனபிறகு இரண்டு மூன்று ஞாயிறு அவன் கூப்பிட்டான். இரண்டு பக்கமும் ரிசீவரைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள். கார்டு தீர்ந்ததும் வைத்தார்கள். அதன்பின் அவன் கூப்பிடவில்லை.

ஜனவரியில் ஆன்ட்டி கண்ணாடி வளையல்களோடு வந்தார். பச்சை, சிவப்பு, ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் வாங்கியது.

"ஏழாம் மாசம். வளைகாப்பு."

"ஆளே இல்லாமலா?" என்றார் அங்கிள்.

"போட்டோவை வச்சுக் கல்யாணமே நிச்சயம் பண்றாங்க. வளையல் போடக்கூடாதாக்கும்?"

இருக்கையின் கப் ஹோல்டரில் வளையல்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். சால்வை விரித்த இருக்கைக்கு மஞ்சள் வைத்தார். எர்ல் எழுந்து நின்று தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார், தேசிய கீதம் என்று நினைத்திருக்க வேண்டும். கீழே டைலர் காலியான வலையை விட்டுவிட்டுக் கம்பத்தில் அடித்தான். அரங்கம் பெருமூச்சு விட்டது. எல்லோரும் உட்கார்ந்தபிறகும் இளமாறன் நின்றுகொண்டிருந்தான். வளையல்கள் அதிர்ந்து லேசாக ஒலித்ததை அவன் கேட்டிருந்தான்.

"பெத்த தாய்க்கு ஒரு தட்டு பழம் போக வேண்டாமா?" என்றார் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் தம்பி அங்கதான் புதுசா எலெக்ட்ரிகல் கடை போட்டிருக்கான். நாளைக்கே போகச் சொல்றேன்."

இளமாறன் சட்டென்று அவர் பக்கம் திரும்பினான்.

"வேண்டாம் அங்கிள். அவங்க வீடு மாறிட்டாங்க."

"எங்கய்யா மாறுனாங்க? தென்றல் முன்னமே வீட்டு அடையாளம் சொல்லியிருக்கா, நேத்துகூட அவன் அந்த வழியாத்தான் வந்தானாம். வாசல்ல உங்க மாமியார் கோலம் போட்டுட்டு இருந்தாங்களாம்."

"அத்தைக்குச் சிரமம்..."

"பழத்தை வாங்குறதுல என்னய்யா சிரமம்?"

அந்த வீட்டுக் கூடம் அவன் கண்ணுக்குள் வந்தது. வாசலுக்கு நேர் எதிரே சுவரில் தென்றலின் படம். ஆணியடித்தது அவன்தான். மாலையை அத்தை போட்டார். வாசலில் நிற்கிற எவருக்கும் முதலில் அதுதான் தெரியும்.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் வளையல்களையும் காலுறையையும் பையில் போட்டுக் கொண்டுவந்தான். சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சீட்டையும் விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தான். படியேறும்போதே அங்கிள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"அங்கிள், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நீ இரு. முதல்ல நான் சொல்லிடறேன். தம்பி போயிருந்தான்."

இளமாறன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க மாமியார் என்னய்யா இப்படி? உள்ளே வான்னுகூடச் சொல்லலியாம். கதவை ஒருக்களிச்சுச் சாத்திக்கிட்டு வாசல்லயே நின்னாங்களாம்."

"அவர் என்ன கேட்டார்?"

"என்ன கேப்பான்? மருமகன் எங்க அண்ணனோட சிநேகிதம், பொண்ணு மாசமா வந்திருக்காமே, பாத்துட்டுப் போறேன்னிருக்கான். அவங்க பழத்தட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டை வாங்கிக்கிட்டு, 'இப்பத்தான் தூங்குனா, எழுப்ப வேண்டாம்'னாங்களாம். 'எந்திரிச்சதும் அந்தப் பையன் கோல் போட்டானான்னுதான் கேப்பா, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையைப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க'ன்னாங்களாம்."