பீரோவின் கீழ்முனை

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், என் மூத்த மகனின் இடுப்பைத் தவிர.

போன வாரம் உங்கள் பத்திரிகையில், "அதிகம் சம்பாதிக்கும் குடும்பங்கள் அதிக வரி கட்ட வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பதில் எனக்குத் தெரியும். கட்டத்தான் வேண்டும். எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு மாறினோம்.

மூத்தவன் பல் டாக்டர். அவன் மனைவி பேங்க் மேனேஜர். இளையவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். எல்லோரும் சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் மூன்றாம் மாடியில் பெரிய வீடாகப் பார்த்தார்கள். வாடகை என்று வந்ததும் மூத்தவன் உங்கள் பத்திரிகையைத் தட்டிக் காட்டி, "நாட்டுக்கும் சரி, வீட்டுக்கும் சரி, ஆளுக்குச் சமம்தாம்மா நியாயம். நல்லா சம்பாதிக்கிறது என்ன குத்தமா?" என்றான். இளையவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் மனைவிதான் சமையலறையில் என் காதோடு வந்து, "பாதி வாடகை குடுத்துட்டா மிச்ச மாசத்துக்கு நாங்க காத்தைத்தான் சாப்பிடணும் அத்தை. பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் பார்த்துக்கறோம்" என்றாள். அவர்களோடு பேத்தியும் போய்விட்டால் நான் யாருக்குத் தலைவாரி விடுவேன்?

ஞாயிறு காலை எல்லாச் சாமானும் மேலே போய்விட்டது, என் இரும்பு பீரோவைத் தவிர. கூலிக்கு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் லிஃப்டும் கிடையாது. "உள்ள என்னம்மா வச்சிருக்கே?" என்று மூத்தவன் கேட்டான். "ஒண்ணுமில்லடா, காலி பீரோ" என்றேன். அவன் ஆறடி உயரம், தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்பு. இளையவனை ஈரத்துணியோடு நிறுத்தாலும் அவனில் பாதி தேறமாட்டான். அப்படியிருந்தும், "பீரோவும் சமம்தான்டா, ஆளுக்கு ஒரு பக்கம்" என்று மூத்தவன் சொல்ல, இருவரும் பக்கவாட்டில் பிடித்து ஏற ஆரம்பித்தார்கள். அந்தப் படியின் அகலம் ஒரு பீரோவுக்கும் அரை ஆளுக்கும்தான் ஐயா. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இளையவன் கை நழுவ, பீரோ சாய்ந்து சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செருகிக்கொண்டது. மூத்தவன் மூலையில் பல்லிமாதிரி ஒட்டிக்கொண்டான். மேல்வீட்டு நர்ஸம்மா கைப்பையோடு வந்து நின்று, "டியூட்டிக்கு லேட்டாகுதுங்க. பீரோவைத் தாண்டி வரவா, கதவைத் திறந்து உள்ளவழியா வரவா?" என்று கேட்டார். கீழே இருந்து சுவர்க்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஏறி வந்த என் பேத்தி, "பெரியப்பா, சமம்னா நானும் ஒரு பக்கம் பிடிக்கணுமா?" என்றாள். ஏழு வயது! அந்த மூளை என் பக்கத்து மூளை, சந்தேகமே இல்லை.

நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். நான் விடவில்லை. "டேய், படியில ஏத்தும்போது கனமெல்லாம் கீழ இருக்கறவன்மேலதான் இறங்கும். திராணி இருக்கறவன் கீழ போ. தம்பி மேல நின்னு இழுக்கட்டும். அவன் கை விட்டா பீரோ உன் தலையிலயும்தானே விழும்?" என்றேன். போனான் ஐயா! தோளைக் கொடுத்து முட்டினான். பத்தே நிமிஷத்தில் பீரோ மூன்றாம் மாடியில். தரையில் மல்லாந்து கிடந்தபடியே, "சரிம்மா, வாடகையில மூணுல ரெண்டு பங்கு என்னோடது" என்றான். இளையவன், "அண்ணா..." என்று இழுத்தான். "சும்மா இருடா, முதல்ல தண்ணி எடுத்துட்டு வா." முடிந்தது பஞ்சாயத்து.

ஆகவே அரசாங்கமும் இப்படியே செய்யட்டும். அதிகம் சம்பாதிக்கிற குடும்பம் கீழ்முனையைப் பிடிக்கட்டும். அவர்களும் அதே படியில்தானே ஏறுகிறார்கள்? "வருமானத்தை மறைத்துவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு இத்தனை அதிகாரி, இத்தனை ஃபாரம் எதற்கு? முகத்தைப் பார்த்துக் கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் ஒரு குண்டூசியைக்கூட மறைத்ததில்லை.

தங்கள் பத்திரிகை நூறாண்டு ஓடட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
ஒரு பெரிய குடும்பத்தின் பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மூத்தவன் ஃபைல் வைக்க இடம் வேண்டுமென்று பீரோவைத் திறந்துவிட்டான். உள்ளே அவன் அப்பா கடையில் வைத்திருந்த எடைக்கற்கள், ஐந்து கிலோ கல் எட்டு. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அவன் ஒரு வருஷமாக நச்சரித்தவை. "காலி பீரோன்னியேம்மா! நான் இடுப்பொடிஞ்சது நியாயத்துக்கா, நாப்பது கிலோ கல்லுக்கா?" என்கிறான். வாடகைப் பங்கில் சொன்ன சொல்லை மாற்றவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்டால் போதும் என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அதிகாரிகள் இருக்கட்டும். நேரில் வந்து திறந்தே பார்க்கட்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அடுத்த வாரம் வந்தால் போதும். மூத்தவன் இப்போதே டார்ச்சோடு என் கட்டிலுக்கு அடியில் குனிகிறான். தராசு அங்கேதான் இருக்கிறது.