மல்லிகாவின் கணினிக்கு மூன்று விலைப்புள்ளிகள்

"ஒரு பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் தன் தேவையை முதலில் சொல்ல வேண்டும், வாங்கித் தருகிறவர் அதை ஊகிக்கக் கூடாது."

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை நான் பர்சேஸ் மேனேஜராக இருந்தேன். அங்கே கொள்முதல் விதிகளில் முதல் விதி இதுதான். எழுதியவன் நான். இதை மீறியவர்களை என் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்து விளக்கம் கேட்டிருக்கிறேன். (ஒருவர் அழுதேவிட்டார்.) அப்படிப்பட்ட நான் சொந்த வீட்டில், சொந்த மனைவி விஷயத்தில் அதைக் காற்றில் பறக்கவிட்டேன். கேட்க ஆளில்லை என்பதால் விளக்கத்தை நானே எழுதிக்கொள்கிறேன்.

என் மனைவி மல்லிகா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்த ஆளில்லாமல் போனதும் காய்கறிக்காரருக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இணையவழி டியூஷன் நடத்தும் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரி வகுப்பு. வீட்டுக் கணினியிலிருந்து எடுக்க வேண்டும். பிடித்திருந்தால் வேலை.

"பசங்க முன்னாடி வாயத் தொறந்து ஒரு வருஷம் ஆச்சுங்க. இது கெடைச்சா நான் மறுபடியும் மனுஷி ஆயிடுவேன்" என்றாள். அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் நான் விஷயத்தைக் கையிலெடுத்தேன். அதுதான் தப்பு.

எங்கள் கணினி, மகள் நித்யா இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. நித்யாவின் மகன் இப்போது இரண்டாம் வகுப்பு. ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாவு அரைக்கப் போனால், அரைத்து, வழித்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

எதை மாற்றுவது? வேறொருவராக இருந்தால் கடைக்குப் போய்க் கேட்டிருப்பார். நான் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கக் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று, குன்றத்தூரில் ஒன்று, மறைமலை நகரில் ஒன்று. குன்றத்தூர்க் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஜிஎஸ்டி ஆபீஸா சார்?" என்று கேட்டார். மறைமலை நகர்க்காரர், "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன காரணத்தால் அவரைத் தகுதி நீக்கம் செய்தேன்.

மிஞ்சியது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை பாபு. அங்கே மல்லிகாவும் என்னோடு வந்தாள்.

"இன்னா சார், ஒரு ரேமுக்குப் போயி கொட்டேஷன் கேக்கற? கைல எட்த்துக்கினு போ சார், சேர்லன்னா திருப்பிக் குடு."

"தம்பி, எனக்கு ஒரு விஷயம்..." என்று மல்லிகா ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பொருளைப் பயன்படுத்துகிற துறையினர் விற்பவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது. பேசினால் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும், அப்புறம் தரம் போகும். இதையும் எழுதியவன் நான்தான்.

"யூசர் டிபார்ட்மென்ட் வெண்டர்கிட்ட பேசக் கூடாது" என்றேன்.

"நான் டிபார்ட்மென்ட்டா?"

"நீ போய்ப் பூ வாங்கிட்டு வா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கடையின் மொத்தச் சரக்கும் உருகியிருக்க வேண்டும். போய்விட்டாள். அதற்குப் பிறகும் வீட்டில் இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஒப்பீட்டு அட்டவணை தயாராகும்போது குறுக்கிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"மேடம் இன்னா வேலைக்கு சார் யூஸ் பண்ணுவாங்கோ?" என்று, அவள் பூ வாங்கப் போயிருந்தபோது பாபு கேட்டான்.

"அது உள்விவகாரம். நீ விலையைச் சொல்லு."

"அப்ப ஹார்ட் டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி மட்டும் போடு சார். பறக்கும்."

குறைவாக விற்க நினைக்கிற வியாபாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று முடிவு செய்து, எஸ்எஸ்டியோடு ரேமையும் சேர்த்தேன். என் அட்டவணையில் 'எதிர்காலத் தேவை' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் எனக்கு ஆகாது. கிராபிக்ஸ் கார்டு சேர்ந்தது. அது குடிக்கிற மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளை தாங்காது என்றான், அதையும் மாற்றினோம். கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை, பெட்டியையும் மாற்றினோம். பாபுவிடம் இருந்த ஒரே பெரிய பெட்டியில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுழன்றன.

"இத அணைக்க முடியாதா?"

"லைட்டுக்குன்னே வாங்கறாங்க சார்" என்றான் பாபு, மனசு நொந்து.

இவ்வளவு ரேமை அந்தப் பழைய போர்டு ஏற்குமா என்று கணினியைத் தயாரித்த நிறுவனத்துக்கு முறைப்படி ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தேன். எழுத்துமூலமான உறுதி இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை. 'உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது' என்று அடுத்த நொடியே வந்தது. அதோடு சரி. வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு, தற்காலிக ஒப்புதலை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஆவணி மாதம். மல்லிகா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து உட்கார்ந்தாள். நான் ஸ்விட்சைப் போட்டேன். மாவு அரைக்க என்ன, அரிசி களையக்கூட நேரம் கொடுக்காமல் திரை வந்து நின்றது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். பத்து மணிக்குத் திரையில் டியூஷன் நிறுவனத்துப் பெண் ஒருத்தியும் இரண்டு பிள்ளைகளும் தோன்றினார்கள்.

"வணக்கம் மேம். கேமராவ ஆன் பண்றீங்களா? உங்க குரலும் கேக்கல, மைக்கயும் ஆன் பண்ணிடுங்க."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

நான் பெட்டியைச் சுற்றி வந்தேன். பின்னால் பார்த்தேன். மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தேன். (கேமரா தவறி விழுந்திருக்குமோ என்று. அது என்றைக்குமே அங்கே இருந்ததில்லை.)

"ஸ்பீக்கர் நல்லா இருக்கே" என்றேன்.

"அதுல அவங்க பேசறது எனக்குக் கேக்கும். நான் பேசறது அவங்களுக்கு எப்படிக் கேக்கும்? கேமராவும் மைக்கும் இருக்கான்னு கேக்கத்தான் அந்தக் கடையில வாயத் தொறந்தேன். பூ வாங்க அனுப்புனீங்க."

"மேம், இருக்கீங்களா?" என்றது திரை.

மல்லிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். முப்பது வருஷம் வகுப்பறைகளை அடக்கிய கை. தன் செல்போனை எடுத்து அதே வகுப்புக்குள் நுழைந்து, அதைப் புதுப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்தாள். எழுதப் பலகை வேண்டுமே. கிராபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து என் கையில் கொடுத்து, "ஆடாமப் பிடிங்க" என்றாள். அதன் பின்புறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பின்னங்களைக் கூட்டிக் காட்டினாள். அந்தக் கார்டால் கணிதக் கல்விக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். நான் அரை மணி நேரம் ஆடாமல் நின்றேன்.

சிவப்பு, நீலம், பச்சை என்று அவள் முகம் மாறிக்கொண்டே இருந்தது.

"மேம், உங்க வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"விசேஷந்தாம்மா. எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்காரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "மிஸ், மூணாவது கணக்கு இன்னொரு வாட்டி" என்றான். அப்போது மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். விளக்குக்கும் அந்த வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை.

அன்று சாயங்காலமே வேலை உறுதி என்று அவளுக்குச் செய்தி வந்தது. மறுநாள் தானே பாபு கடைக்குப் போய், மைக்கோடு சேர்ந்த கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, போன ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள். ஒரு விலைப்புள்ளிகூட வாங்கவில்லை.

இப்போது நான் கொத்தமல்லி வாங்கப் பையை எடுத்தால்கூட, "யூசரக் கேட்டீங்களா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. நித்யா போன் செய்தால், "அப்பா, யூசர் டிபார்ட்மென்ட்கிட்ட குடுங்க" என்கிறாள். பேரன் என்னை 'லைட் தாத்தா' என்கிறான். மல்லிகாவின் மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கணினி நிறுவனத்தின் பதிலும் ஒருவழியாக வந்தது. மல்லிகாதான் சத்தமாகப் படித்தாள். 'தங்களுக்கு ஆலோசனை வழங்க, இந்தக் கணினியை யார், என்ன தேவைக்காகப் பயன்படுத்தப் போகிறார் என்பதை முதலில் தெரிவிக்கவும்.'

ஆவணியில் கேட்டதற்குப் பதில் வந்த நாள், கார்த்திகை தீபம்.