வீணாகிவிடக் கூடாதே

பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ருசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: வீணாகிவிடக் கூடாதே என்று சாப்பிடுகிறவர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். எங்கள் சேலம் அம்மாபேட்டையில் தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தோமினிக்கைப் பாருங்கள்.

தனக்கென்று அவர் அதிகம் கேட்கவே மாட்டார். "ரெண்டு இட்லி போதும்" என்பார். சொன்னபடியே இரண்டைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். கை கழுவப் போகிற வழியில்தான், மகள் ஜாக்குலின் பாதியில் விட்டுப்போன தோசை, சட்டியின் அடியில் ஒட்டிய பொங்கல், சாயங்காலம் புளித்துவிடும் என்று அவர் மட்டும் சந்தேகப்படுகிற தயிர்சாதம் எல்லாம் கண்ணில் பட்டு, மனம் பொறுக்காமல் நின்றபடியே அவற்றுக்கு நல்ல கதி கொடுப்பார். நின்றுகொண்டு தின்றது கணக்கில் சேருமா? சேராது. கடையில் வியாபாரம் மந்தம், மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் இந்த இரக்கம் இன்னும் பெருகும். பலகாரத் தூக்கு காலியாகிவிடும்.

போன மாதம் டாக்டர் கௌதமன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கெடக்குதுங்க. என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு இட்லிங்க," என்றார் தோமினிக். பொய்யில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த மனைவி அக்சிலியா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அளந்து சமைத்தாள். ஜாக்குலின் தட்டை வழித்துத் தின்று, அப்பாவைப் பார்த்துக்கொண்டே கழுவி வைத்தாள். காப்பாற்ற ஒரு பருக்கைகூட இல்லாத வீட்டில் மனிதர் என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் நண்பர் தங்கமுத்துவின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியைத் தொடவில்லை. "ஏனுங்க, வேண்டாம்னா இப்படித் தள்ளுங்க" என்று தோமினிக் வாங்கிக்கொண்டார். அடுத்த இலை லட்டும் வந்து சேர்ந்தது. திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்த அக்சிலியா திட்டப்போகிறாள் என்று பார்த்தார். அவள் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "உங்கள இனி என்னால காவல் காக்க முடியாதுங்க. பசிச்சா வாயத் தொறந்து கேளுங்க, போடறேன். கேக்காம தட்டு வராது" என்றாள்.

மறுநாள் தோமினிக் உட்கார்ந்து யோசித்தார். பசி எப்படி இருக்கும்? கடைசியாக எப்போது பசித்தது? பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த காலம் மட்டும் மங்கலாக நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கேட்காமலே கடைக்குப் போய்விட்டார். மதியம் அங்கிருந்து அவசரமாகப் போன் செய்தார்.

"அக்சிலியா, வயித்துக்குள்ள என்னமோ கிள்ளுது. கர்ருனு சத்தம் வேற வருது. டாக்டருகிட்டப் போயிரலாமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அதுக்குப் பேருதானுங்க பசி. ஊட்டுக்கு வாங்க."

வெறும் கத்தரிக்காய்க் குழம்புதான். இவ்வளவு ருசியாக இத்தனை வருஷம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். தட்டில் ஒரு பிடி சோறு மிஞ்சியது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் பக்கத்தில் நிறைந்திருந்த அந்த ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் இப்போது என்ன ஆயிற்று? பசித்தா தின்றீர்கள்? அடியில் தூள்தான் கிடக்கிறதா? அதையும் வாயில் கொட்டிக்கொள்ளுங்கள். வீணாகிவிடப் போகிறது.