சேணக் கம்பளி மீட்புப் படலம்

முதலை நெளியும் நீர்த்துறைகளை நீந்திக் கடந்தவனும், சினமிகு காளைகளைச் சுருக்குக்கயிற்றால் மண்டியிடச் செய்தவனும், பிரேசிலின் பந்தனால் சதுப்புவெளி முழுதும் மீசையால் அறியப்பட்டவனுமாகிய மாட்டுவீரன் பெலார்மினோ வாழ்க! அவன் சேணக் கம்பளி வாழ்க! அக்கம்பளிமேல் துயின்ற எறும்புதின்னிப் பேரரசி இவ்விரண்டினும் நீடு வாழ்க!

அந்நாட்டுக் குளிர்காலமாகிய ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வீசியது பாட்டில் வரும் தென்றலன்று. எலும்பைக் கடித்துச் சுவைக்கும் தென்திசைக் கூற்று. நண்பகலில் ஆற்றுத்துறையிலிருந்து படகு புறப்படும். துறைக்கோ குதிரையில் இரண்டு மணி நேரம். அப்படகில் ஏறினால்தான், ஆண்டுக்கொருமுறை வரும் பாதிரியார்முன் பெலார்மினோ தன் நண்பனின் மகளை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்க இயலும். ஏறாவிடின் அப்பெரும்பேறு பகைவனும் பல்லிளிப்பானுமாகிய குமெர்சிந்தோவைச் சேரும். குதிரை ஆயத்தம், சேணமும் ஆயத்தம். அதனடியில் விரிக்கும் கம்பளி மட்டும், உலர்த்திய வேலியிலிருந்து காற்றில் விழுந்து, அந்தோ, அரசியின் மஞ்சமாகிக் கிடந்தது! அஃதின்றிச் சேணமேற்றினால் குதிரையின் முதுகு புண்ணாகும்.

கொடிபோல் விரிந்த மயிரடர்ந்த வாலையே போர்வையாக்கி, பல்லொன்றுமில்லா நீள்மூக்கை அதனுள் செருகி, குட்டியையும் அணைத்துக் கிடந்தவளை அறியாதார் காய்ந்த புற்குவியல் என்பர்.

"அரசியே, எழுந்தருள்க!" என முழங்கினான் வீரன். வாலின் ஒரு மயிரும் அசையவில்லை.

"யோவ், அதுகிட்ட என்ன கெஞ்சிக்கிட்டு நிக்கிற? வெடுக்குன்னு இழுய்யா!" என்றாள் அடுக்களை வாசலில் நின்ற மனைவி தெயோலிந்தா.

"குட்டியோட தூங்குறாடி, பாவம்."

"அப்ப குமெர்சிந்தோ பிள்ளையைத் தூக்கட்டும். அவன் மூஞ்சிதான் போட்டோவுல வரும்."

சொல்லம்பு தைத்தது. நீள்மூங்கிலால் கம்பளியின் ஓரத்தை அவன் நெம்ப, எழுந்தாள் அரசி! வாலை மூன்றாங்காலாக ஊன்றி, சிறுத்தையும் தயங்கி விலகும் கூருகிர்க் கைகளிரண்டையும் அகல விரித்து நின்றாள். ஆரத்தழுவ அழைப்பவள் போலவே இருந்தது. தழுவப்பட்டோர் எவரும் வந்து நலஞ்சொன்னதில்லை. மூங்கில் தானே கீழே விழுந்தது. அவளும் படுத்துவிட்டாள்.

மணி ஒன்பதே முக்கால். இறுதிப் படைக்கலமாக, கறையான் புற்றொன்றை அரிவாளால் பெயர்த்து, காற்று வரும் திசையில் இருபது அடி தள்ளி வைத்தான். ஒரு புற்றில் ஒரு நிமிடம். அதற்குமேல் உண்பது அவள் குலவழக்கமன்று. அந்த ஒரு நிமிடமே அவனுக்கு விதிக்கப்பட்ட போர்க்காலம்.

மணம் எட்டியது. குட்டியை முதுகிலேற்றி, நகங்களை உள்மடித்து, கொசுவம் நனையாமல் தூக்கி நடப்பவள்போல் அவள் நடந்தாள். முழங்கையினும் நீண்ட நாக்கு மின்னலெனப் புற்றுக்குள் புகுந்தும் மீண்டும் புகுந்தும் மாயம் செய்தது. கம்பளி காவலின்றிக் கிடந்தது.

பாய்ந்தானா பெலார்மினோ?

"அடியே, ஓடியா, ஓடியா! நாக்கப் பாரு!"

மாவுக்கையோடு ஓடிவந்தாள் தெயோலிந்தா. "ஆத்தாடி! குட்டியும் நாக்க நீட்டுதுய்யா!"

"நீட்டுதுல்ல? அம்மாவப் பாத்துப் படிக்கிறான், திருட்டுப்பய!"

காதலர்போல் தோளுரசி, விண்ணவர்போல் இமையாது நின்றனர் இருவரும். நிமிடம் தீர்ந்தது. அரசி திரும்பினாள், கம்பளிமேல் ஒருமுறை சுற்றிப் படுத்தாள், வாற்கொடியை விரித்தாள். ஓடிப்போய் அவன் வைத்த இரண்டாம் புற்றுக்கு அவள் மூக்கும் அசையவில்லை.

பன்னிரண்டு மணிப் படகு போய்விட்டது.